டர்பன் நகரில் நம் கலைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர்கள் தங்கள் கலைகளையும் விழாக்களையும் எவ்வாறு நடத்திவருகிறார்கள் என்று கேட்டு இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுள் நான்கிற்கு இம்முறை விடையளிக்கிறேன்.

கேள்வி (தேவிபட்டினம் வாசகி): டர்பனில் செவிலியராகப் பணிபுரியும் என் மகள், அங்குள்ள தமிழர்கள் பெரிய வெள்ளிக்கிழமையன்று மாரியம்மனுக்குப் பூக்குழி இறங்குகிறார்கள் என்றும், அவர்களில் பலருக்குத் தமிழ் பேச வராது என்றும் சொல்கிறாள். அந்த நாளில் அம்மன் திருவிழா நடப்பது ஏன்? பேச்சு போன பிறகும் வழிபாடு எப்படி நிலைத்தது?

பதில்: உங்கள் மகள் கண்டது உண்மைதான், அம்மா. டர்பனுக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே எழுந்த மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்றுதான் பூக்குழித் திருவிழா நடைபெறுகிறது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல், அவ்வாண்டு நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டு செல்லப்பட்ட இந்தியர்கள் 1,52,000 பேருக்கும் மேல். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். தோட்டத்தில் விடுப்பு என்பது அரிதாகவே கிடைத்தது. ஈஸ்டரை ஒட்டிய நாள்களில் மட்டும் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைத்ததால், ஊர் கூடி எடுக்க வேண்டிய விழாவை அந்த நாள்களில் வைத்துக்கொண்டார்கள். நாளை மாற்றிக்கொண்டார்களே தவிர விழாவை விட்டுவிடவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்கள்மீது பெருமதிப்பு உண்டாகிறது.

பள்ளியும் அலுவலகமும் ஆங்கிலமாக இருந்ததால் மூன்றாம், நான்காம் தலைமுறைக்கு வீட்டுப் பேச்சும் ஆங்கிலமாயிற்று. தென்னாப்பிரிக்க அரசமைப்புச் சட்டம் மதித்துப் போற்றப்பட வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது என்றாலும், புழக்கத்தில் இல்லாத மொழியைச் சட்டம் மட்டும் திருப்பித் தந்துவிடாது. விழாவின் நிலை வேறு. காவடி கட்டுவது, உடுக்கை அடிப்பது, அன்னதானத்துக்குக் காய் நறுக்குவது, குழி மூட்டுவது என ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குடும்பம் தன் பொறுப்பாக ஏற்று நடத்துவதால், பிள்ளைகள் பார்த்தே பழகிவிடுகிறார்கள். தேவாரத்தையும் அம்மன் பாடல்களையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறவர்கள் அங்கே உண்டு. அதைக் குறையாக எண்ண எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (தங்கச்சிமடம் வாசகர்): எங்கள் ஊர்த் திருவிழாவில் நானும் நாடகத்தில் வேடம் கட்டுபவன். டர்பனில் நாடகமோ கூத்தோ உண்டா?

பதில்: உண்டு, ஆனால் உங்கள் ஊர் மேடை நாடகத்தைவிடத் தெருக்கூத்துதான் அங்கே வேரூன்றியது. நம் கடற்கரையிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள் பெரும்பாலும் இலங்கைக்கே சென்றார்கள். டர்பன் அமைந்த நேட்டால் பகுதிக்குச் சென்றவர்களிலோ வட ஆர்க்காடு போன்ற வட மாவட்டத்தார் மிகுதி என்பதால், அவர்களுடைய கூத்தும் உடன் போயிற்று. கோயில் வளாகங்களில் விடிய விடிய நடந்த அந்தக் கூத்தை அங்குள்ளோர் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று அழைத்தார்கள். டர்பன் நகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸ் குடியிருப்பு பாட்டுக்கும் நாடகத்துக்கும் பெயர் பெற்றிருந்தது. பகலெல்லாம் தெருக்களைத் துப்புரவு செய்தவர்களே இரவில் ராஜா வேடம் தரித்தார்கள்.

1950-இல் இயற்றப்பட்ட குழுப் பகுதிச் சட்டத்தின்கீழ் மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்தியபோது, மேகசின் பேரக்ஸும், இந்தியர்கள் வாழ்ந்த கேட்டோ மேனர் பகுதியும் காலியாக்கப்பட்டு, இந்தியர்கள் சாட்ஸ்வொர்த்துக்கும் பின்னர் ஃபீனிக்ஸுக்கும் அனுப்பப்பட்டார்கள். பக்கத்து வீட்டு மத்தளக்காரரும் எதிர்வீட்டுப் பாட்டுக்காரரும் வேறு வேறு மூலைகளுக்குப் போய்விட்டால் கூத்துக் குழு எப்படி நிற்கும்? அந்த இழப்பையே எழுத்தாக்கினார் கேட்டோ மேனரில் பிறந்த நாடகாசிரியர் ரோனி கோவிந்தர் (1934–2021). கூலி வேலை செய்யும் எளிய மக்கள், தாங்கள் பேசும் அதே டர்பன் ஆங்கிலத்தை அவருடைய மேடையில் கேட்டார்கள். தெருக்கூத்து இன்று அங்கே அருகிவிட்டது. நாடகம் எழுதும் வழக்கம் அருகவில்லை.

கேள்வி (ஏர்வாடி வாசகர்): எங்கள் சந்தனக்கூடு விழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். அங்கே இப்படி ஏதேனும் உண்டா?

பதில்: முதல் கப்பலிலேயே வந்தவர் என்று போற்றப்படும் சூஃபி ஞானி பாதுஷா பீர் டர்பனில் அடங்கியிருக்கிறார். அவருடைய தர்காவுக்கு இந்துக்களும் சென்று வேண்டிக்கொள்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு டர்பனில் முஹர்ரம்தான் தொழிலாளர்களின் மிகப் பெரிய தெருவிழாவாக இருந்தது. மூங்கிலும் வண்ணக் காகிதமும் கொண்டு செய்த ‘தாஜியா’ என்னும் கூடுகளை மேளத்துடன் இழுத்துச் சென்று நீரில் கரைப்பார்கள். அந்த ஊர்வலத்தில் இந்துக்களும் திரளாகக் கலந்துகொண்டார்கள்.

கேள்வி (மண்டபம் கல்லூரி மாணவர்): ஊரில் கும்மியும் ஒயிலாட்டமும் மறைந்துவருகின்றன. கலைக்குழு தொடங்க விரும்புகிறோம், கையில் பணம் இல்லை. டர்பனிலிருந்து நாங்கள் கற்றுக்கொள்ள ஏதேனும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, தம்பி. டர்பனின் சூலு என்ற ஆப்பிரிக்க இனத் தொழிலாளர்களிடம் ‘இசிகதமியா’ என்ற குழுப்பாட்டு உண்டு. இசைக்கருவி எதுவும் இல்லாமல், மெல்ல அடியெடுத்து வைத்தபடி ஆண்கள் பாடுவது அது. ஊரைவிட்டு வந்து விடுதிகளில் தங்கியவர்கள் சனிக்கிழமை இரவுகளில் கூடி விடியும்வரை போட்டி நடத்தினார்கள். நடுவர் எந்தக் குழுவுக்கும் வேண்டியவராக இருந்துவிடக் கூடாது என்பதற்காக, தெருவில் போகும் முன்பின் அறியாத ஒருவரை அழைத்து வந்து உட்கார வைப்பதும் வழக்கமாக இருந்தது. அவர்களுக்கு முதலாக இருந்தவை குரலும் சீராக மடித்த உடுப்பும் சனிக்கிழமையும் மட்டுமே.

பரதத்தையும் சூலு நடனத்தையும் ஒரே மேடையில் இணைத்த சூரியலங்கா நடனக் குழுவும் டர்பனில்தான் உருவானது. துறைமுகத்தை ஒட்டிய பேட் மையம் போன்ற பொதுக் கலைக்கூடங்களும் அங்கே இருக்கின்றன. உங்களுக்குக் கட்டடம் இப்போது தேவையில்லை. கோயில் திடலோ பள்ளிக்கூட முற்றமோ போதும். நம் திருவிழாக்களில் ஊர் வரியின் பெரும்பகுதி வெளியூர் இன்னிசைக் குழுவுக்குப் போகிறது, ஊர்ப் பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. முளைப்பாரி நாள்களில் ஓர் இரவையாவது ஊர்க் குழுக்களுக்கென்று ஒதுக்கித் தருமாறு ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். கும்மிப் பாட்டு தெரிந்த பாட்டிமார்களை இப்போதே அணுகி, அவர்கள் பாடுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து, வரிகளை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மீனவர் குடியிருப்புப் பெண்களையும் கீழக்கரைப் பக்கத்து இளைஞர்களையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குக் கிழமை குறிக்கும்போது, படகுகள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வைத்தால் ஆண்களும் வருவார்கள்.