உள் டயரில் காற்று இருக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழைய ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள பயண வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறோம். பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர்கள், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. காற்றழுத்தம் பார்க்கும் பேனா கேஜை எப்படி வைத்தாலும் வால்வில் உட்காரவில்லை, காற்றுதான் வீணாகிறது. (வாசகி, ஆஸ்டின்)

பதில்: பேனா கேஜ் காருக்கு உரியது. இந்த வேலைக்கு லாரி ஓட்டுநர்கள் வைத்திருக்கும் இரட்டைத் தலைக் கேஜ் வேண்டும். நீண்ட தண்டின் நுனியில் ஒரு வாய் முன்னோக்கியும் மற்றொன்று பின்னோக்கிச் சாய்ந்தும் இருக்கும். உள் டயரின் வால்வு, வெளி ரிம்மின் துளைக்குப் பின்னால் உங்களைப் பார்த்தபடி இருப்பதால், அதற்குக் கேஜைத் தள்ளி அழுத்த வேண்டும். வெளி டயரின் வால்வு வண்டியின் உட்புறம் பார்த்துத் திரும்பியிருப்பதால், கேஜைத் துளைக்குள் விட்டு, கொக்கிபோல் மாட்டி, உங்கள் பக்கம் இழுக்க வேண்டும். காலையில் வண்டியை நகர்த்தும் முன் பாருங்கள். ஓட்டி வந்திருந்தால் மூன்று மணி நேரம் ஆறவிடுங்கள்.

கேள்வி: சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்டால் போதாதா? (வாசகர், டாலஸ்)

பதில்: போதாது. 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) இருக்க வேண்டிய டயரில் 55 இருப்பதை எந்தச் சுத்தியலும் சொல்லாது.

கேள்வி: குனிய முடியாததால், வால்வில் மாட்டும் வளையும் நீட்டிப்புக் குழாய்களை வாங்கினேன். எட்டே மாதத்தில் உள் டயரில் காற்று இறங்குகிறது. டயர் கெட்டதா, குழாய் கெட்டதா? (வாசகர், பீனிக்ஸ்)

பதில்: முதலில் குழாயைச் சந்தேகியுங்கள். நானும் அதே வகைக் குழாயை நம்பி வாங்கியவன். அரிசோனாவில் ஒரு முகாமில், காலையில் வலப்பக்க உள் டயர் 38 காட்டியது. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது, குழாயின் உலோகப் பின்னல் ரிம் துளையின் விளிம்பில் உரசி நைந்திருந்த இடத்தில், மிளகளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொங்கின. அன்று கேஜை வைக்காமல் புறப்பட்டிருந்தால் என் பிள்ளைகள் அந்த டயருக்கு மேலேதான் உட்கார்ந்திருப்பார்கள். இவ்வகை நீட்டிப்புகளில் பல, வால்வின் ஊசியை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருப்பதால், குழாயில் விழும் சிறு ஓட்டையும் டயரில் விழுந்த ஓட்டைக்குச் சமம். உள் டயர் காற்றிழந்தாலும் வெளி டயர் வண்டியைத் தாங்கி நிற்பதால், பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. இவ்வண்டிகளில் பரவலாகக் காணும் எல்டி225/75ஆர்16 ‘இ’ வகை டயர், இரட்டையாக இருக்கும்போது 80 பிஎஸ்ஐயில் 1,120 கிலோ வரை தாங்கும். தனியாக இருந்தால் 1,215 கிலோ. முழுச் சுமையில் ஒன்று இறங்கினால் மற்றது ஏறத்தாழ 2,240 கிலோவைச் சுமந்து, சூடேறி வெடிக்கும்.

இதற்குத் தீர்வு நெடுங்காலமாக இருக்கிறது: ரிம்மில் திருகிப் பொருத்தும் நீண்ட உலோக வால்வு. சாதாரண ரப்பர் வால்வின் வரம்பு 65 பிஎஸ்ஐ. அப்படியிருந்தும் 80 பிஎஸ்ஐ டயருக்குக் கைக்குக் கிடைத்த ரப்பர் வால்வைச் செருகிவிட்டு, பில்லில் ‘புதிய வால்வு’ என்று மட்டும் எழுதும் கடைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சில டாலர் உதிரிபாகத்தில் செய்யும் இந்தச் சிக்கனத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. ‘உலோக வால்வு’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள்.

கேள்வி: காற்றழுத்தம் காட்டும் சென்சார்களை ரப்பர் வால்வுகளில் திருகினேன். ஒரு வால்வு அடியில் வெடித்துவிட்டது. விற்றவரிடம் நஷ்டஈடு கேட்கலாமா? கம்பெனியே சென்சார் வைத்து அனுப்பியிருக்கக் கூடாதா? (வாசகர், பிரிமாண்ட்)

பதில்: சென்சாரின் எடை சக்கரத்தோடு சுழலும்போது ரப்பரை வளைத்து வளைத்து வெடிக்க வைக்கும். உலோக வால்வில்தான் பொருத்த வேண்டும் என்று பெட்டியில் வந்த தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், படிக்காமல் மாட்டிவிட்டு விற்றவரைக் குற்றம் சொல்ல வழியில்லை. அமெரிக்கச் சட்டம் 2007 செப்டம்பர் முதல் கட்டாயமாக்கிய அழுத்த எச்சரிக்கைக் கருவி, 10,000 பவுண்டு வரை எடை வரம்புள்ள வண்டிகளுக்கே உரியது. அவற்றிலும் ஒரு அச்சில் பக்கத்துக்கு இரட்டைச் சக்கரம் கொண்டவை சேரா.

கேள்வி: ‘ஆறும் புது டயர்’ என்று விளம்பரம் பார்த்து வாங்கினோம். மெக்கானிக் கழற்றியபோது, உள் டயர்கள் இரண்டிலும் 1413 என்று இருந்தது. விற்பனையாளர் போனை எடுப்பதில்லை. (வாசகி, சாக்ரமென்டோ)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அம்மா, இதில் உங்கள் பிழை எதுவுமில்லை. அந்த எண் 2013ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்தைக் குறிக்கும். தேதியுடன் கூடிய முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தாலே சட்டப்படி போதும் என்பதால், அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டினால் வாங்குபவர் கண்ணில் படாது. விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு டயருக்கும் வேலைக்கூலிக்குமான தொகையைக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கலிபோர்னியாவின் சிறு வழக்கு நீதிமன்றத்தில் தனிநபர் 12,500 டாலர் வரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம். அதுவரை அந்த டயர்களில் குடும்பத்தோடு புறப்பட வேண்டாம். புதியவற்றை மாட்டும்போது, பழைய இரண்டையும் கடையில் விட்டுவிடாமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். நீதிபதியிடம் காட்ட அவை வேண்டும்.