தென்னாப்பிரிக்காவில் கிரிக்கெட் வீராங்கனைகளுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளமாமே, உண்மையா?

சம்பளம் இல்லைங்க, மேட்ச் ஃபீஸ், அதாவது ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தரும் பணம். இரண்டும் வேறு வேறு.

நான் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். உலகக் கோப்பைப் பரிசுத் தொகை இருபாலருக்கும் ஒன்றே என்று ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் அமைப்பு) அறிவித்தது 2023 ஜூலையில், எங்கள் ஊரில் கூடிய கூட்டத்தில்தான். அடுத்த மாதமே தென்னாப்பிரிக்க வாரியம் சர்வதேச ஆட்டங்களுக்கான ஃபீஸைச் சமமாக்கியது. (இந்தியா 2022 அக்டோபரிலேயே செய்துவிட்டது: டெஸ்டுக்கு 15 லட்சம் ரூபாய், ஒருநாளுக்கு 6, டி20-க்கு 3.) யாரும் தானமாகத் தரவில்லை. 2023 பிப்ரவரியில்தான் எங்கள் பெண்கள் அணி கேப் டவுனில் டி20 உலகக் கோப்பை இறுதியாட்டம் ஆடியிருந்தது. ஆண்கள் அதுவரை எந்த உலகக் கோப்பையிலும் இறுதிவரை போனதில்லை.

சரி, ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஃபீஸ். ஆட்டம் எத்தனை? 2014 நவம்பரில் எங்கள் பெண்கள் அணிக்கு மைசூரில் ஒரு டெஸ்ட். அதற்கடுத்தது 2022 ஜூனில், இங்கிலாந்தின் டான்டனில். நடுவில் ஏழரை வருஷம், சனி பிடித்த மாதிரி, ஒன்றுகூட இல்லை. ஆடாத டெஸ்டுக்கு ஃபீஸ் ஏது? இவர்களுக்கு டெஸ்ட் ஆட வராது என்பவர்கள் 2024 சேப்பாக்கம் ஸ்கோரைப் பார்க்கட்டும். இந்தியா 603 அடித்து டிக்ளேர் செய்த பிறகு, ஃபாலோ ஆனில் (ரொம்பப் பின்தங்கியதால் உடனே மறுபடி பேட் செய்ய வேண்டிய நிலையில்) எங்கள் லாரா வோல்வார்ட் 122, சூனே லூஸ் 109. தோற்றார்கள்தான், ஆனால் சும்மா தோற்கவில்லை. 2023 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் பணம் கொழிக்கும் எஸ்ஏ20 என்ற டி20 லீக் தொடங்கியபோதும் அது ஆண்களுக்கு மட்டும்தான்.

கால்பந்து இன்னும் மோசம். அப்போதைய ஆப்பிரிக்க சாம்பியனான பன்யானா பன்யானா (எங்கள் பெண்கள் கால்பந்து அணி), 2023 உலகக் கோப்பைக்குக் கிளம்பும் முன் பணத் தகராறிலும் மைதானம் சரியில்லை என்றும் போட்ஸ்வானாவுடன் ஆட மறுத்தது. அவசரத்துக்கு 13 வயதுச் சிறுமியையும் சேர்த்து ஓர் அணியை இறக்கினார்கள். 5-0 தோல்வி. கடைசியில் ஒரு தனியார் அறக்கட்டளை 60 லட்சம் ராண்ட் தந்துதான் தகராறு தீர்ந்தது.

என் மகளுக்கு 14 வயது, வேகப்பந்து போடுகிறாள். கிளப்பில் நல்ல பிட்ச் காலையில் பையன்களுக்கு. இவர்களுக்கு மதியத்துக்கு மேல். ஆட்டம் முடிந்தால் பையன்களுக்கு மட்டன் பன்னி சௌ (பேரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றுவது), பெண்பிள்ளைகளுக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட். போன மாதம் கோச்சிடம் நேராகவே கேட்டுவிட்டாள்: "ஏன் அங்கிள், எங்களுக்கெல்லாம் பசிக்காதா?"

அடுத்த வாரம் பன்னி வந்தது. பீன்ஸ் பன்னி. மட்டன் இன்னும் வரவில்லை.