கட்சுவோபுஷி மேல் பூசணம்: தூக்கிப் போடணுமா?

கேள்வி: யோகோஹாமாவில் குடியிருக்கிறோம். ஆன்லைனில் ஒரு கட்டி கட்சுவோபுஷி, அதாவது புகையூட்டிக் காயவைத்த ஜப்பானியச் சூரை மீன், வாங்கினேன். மேலே பழுப்பாகப் பொடி படிந்திருக்கிறது, பூசணம் மாதிரி. கேட்டால், அது அப்படித்தான் இருக்கும் என்கிறார் விற்றவர். நம்பலாமா? மாசிக் கருவாட்டுக்குப் பதிலாகச் சம்பலில் போடலாமா?

பதில்: அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். அது பூசணம்தான், ஆனால் வேண்டுமென்றே ஏற்றியது. சூரை மீனை வேகவைத்து, முள்ளெடுத்து, விறகுப் புகையில் திரும்பத் திரும்ப வாட்டினால் அராபுஷி. அதன்மேல் படிந்த புகைக்கரியைச் சுரண்டிவிட்டு, நல்ல பூசணத்தை ஏற்றி வெயிலில் காயவைத்து, மறுபடி ஏற்றி மறுபடி காயவைத்தால் கரேபுஷி. ஜப்பானில் மகுராசாகி, யாய்சு பக்கமெல்லாம் இதற்கு மாதக்கணக்கில் ஆகும். உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தை அந்தப் பூசணம் இழுத்துவிடும், கொழுப்பையும் சிதைக்கும்.

கத்திப்பிடியால் தட்டிப் பாருங்கள், காய்ந்த கட்டை மாதிரிச் சத்தம் வரணும். பொடி உலர்ந்து, வெளிர்பழுப்பாக இருந்தால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும், தண்ணீரில் கழுவவே கூடாது. கறுப்புப் பூசணமோ, பிசுபிசுப்போ, புளித்த வாடையோ இருந்தால் குப்பைக்குத்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். துடைத்துவிட்டுச் சாப்பிடலாம் என்பது பூசணம் ஏற்றிய கட்டிக்கு மட்டும். அராபுஷிக்கு இல்லை, கட்டியைச் சீவி அடைத்த சீவல் பாக்கெட்டுக்கு இல்லை, நம் மாசிக்கு இல்லவே இல்லை. மாலத்தீவு மாசியும் அதே சூரைதான், அவித்துப் புகையூட்டிக் காயவைப்பதோடு சரி, அதில் யாரும் பூசணம் ஏற்றுவதில்லை. அங்கே பூத்தால் அது என்ன பூசணம் என்று யாருக்குத் தெரியும்? ஜப்பான்காரர்களே சாப்பிடுகிறார்கள் என்று சொல்லி, விற்பவர்கள் துடைத்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள். பூசணம் விட்ட நஞ்சு வெயிலில் வைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் போகாது.

பூசணத்தைவிட இடைத்தரகர்கள்தான் எனக்குக் கவலை. மொத்தமாக வாங்கி, தயாரித்தவர் பெயரே இல்லாத கண்ணாடிக் கவரில் பிரித்துப் போட்டு விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். அவிப்பதற்கு முன்னால் மீனை வெப்பத்தில் போட்டுவைத்தால் அதில் ஹிஸ்டமின் சேரும், கொதிக்க வைத்தாலும் போகாது, சாப்பிட்டதும் முகம் சிவந்து உடம்பு அரிக்கும். அப்படி ஆனால் யாரைப் போய்க் கேட்பீர்கள்? சீவல் பாக்கெட் வாங்கும்போதும் முன்பக்க அலங்காரத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பொருளின் பெயர் வரியைப் போனில் மொழிபெயர்த்துப் பாருங்கள். அங்கே கரேபுஷி என்று இல்லையென்றால் அது அராபுஷிச் சீவல், அதற்கேற்ற விலைதான் கொடுக்கணும். இதிலும் ஒரு ஓட்டை. 2 தடவை பூசணம் ஏற்றினாலே கரேபுஷி என்று போட்டுக்கொள்ளலாம் என்கிறது ஜப்பான் விதி, 4 தடவை ஏற்றிக் காத்திருந்தவருக்கும் அதே பெயர்தான். எத்தனை தடவை என்று அச்சடிக்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? பொறுமையாகச் செய்பவர் வயிற்றில்தான் அடிக்கிறார்கள்.

சரி, சம்பல். தாராளமாகப் போடலாம், புகைவாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். உரலில் இடிக்கப் பார்க்காதீர்கள், கட்டி அவ்வளவு கெட்டி. இழைப்புளியைக் கவிழ்த்துப் பதித்த மாதிரி ஒரு மரப்பெட்டி கிடைக்கும், அதில் சீவுங்கள். நாடாவாக வராமல் தூளாகக் கொட்டினால் கட்டியைத் தலைமாற்றிப் பிடிக்கணும். ஆனால் சம்பலுக்கு அந்தத் தூளே போதும். இதில் உப்பு சேர்ப்பதில்லை, அதனால் உப்பை மட்டும் ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.