22 ரூபா எப்படி 15.50 ஆனது?

கேள்வி: ஐயா, 2017 நவம்பரில் கூரையில் 5 கிலோவாட் சோலார் பூட்டினோம். மாதம் 7,700 ரூபா அளவில் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது. 2024 முடியும்போது திடீரென்று 5,400 ஆகிவிட்டது. போனில் உள்ள ஆப் மாதம் 600 யூனிட் என்கிறது, பில்லில் 480 தான் இருக்கிறது. எங்கேயோ காசு பறிபோகிறதா?
- வாசகி, மட்டக்களப்பு

பதில்: பறிபோகவில்லை அம்மா. அலுமாரியில் கிடக்கும் ஒப்பந்தத்தை எடுத்து ஒருதரம் வாசியுங்கள். 2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற அரசின் கூரைச் சோலார் திட்டம் வந்தபோது, மிஞ்சும் யூனிட்டுக்குக் காசு தரும் நெட் அக்கவுண்டிங் முறையில் சேர்ந்தவர்களுக்கு முதல் 7 வருடம் யூனிட்டுக்கு 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15.50 என்றுதான் எழுதினார்கள். உங்கள் 7 வருடம் 2024 நவம்பரோடு முடிந்துவிட்டது. பூட்ட வந்தவர்கள் 22ஐச் சத்தமாகச் சொல்லி 15.50ஐ மெதுவாகச் சொல்லியிருப்பார்கள், அது வியாபாரம்.

அடுத்தது ஆப். தகடுகள் உண்டாக்கும் முழுவதையும் அது எண்ணும். பில்லில் உள்ள 480 உங்கள் வீட்டைத் தாண்டி வெளி லைனுக்குப் போனது மட்டும்தான். பகலில் ஃபிரிட்ஜ், ஃபேன், தண்ணீர் மோட்டர் எல்லாம் கூரையிலிருந்தே நேராக எடுத்துக்கொண்டதுதான் அந்த 120 யூனிட். இரவில் லைனிலிருந்து நீங்கள் எடுத்தது 130 என்று வைத்துக்கொள்வோம். 480இல் அதைக் கழித்தால் மிச்சம் 350. அதை 22ஆல் பெருக்கினால் 7,700, 15.50ஆல் பெருக்கினால் 5,425. உங்கள் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

கேள்வி: பக்கத்து வீட்டில் எங்களைவிடப் பெரிய சோலார், ஆனால் காசே வருவதில்லை என்கிறார்கள். மோட்டரை மத்தியானம் போட்டால் லாபம் என்றும் சொல்கிறார்கள், உண்மையா?
- அதே வாசகி

பதில்: அவர்கள் நெட் மீட்டரிங் ஆக இருப்பார்கள். அதில் காசு கிடையாது, மிஞ்சும் யூனிட் அடுத்த மாத பில்லுக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான். நெட் பிளஸ் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதில் உண்டாகும் எல்லாம் நேரே லைனுக்குப் போய்க் காசாகும், வீட்டுப் பாவனைக்கு எல்லோரையும்போலத் தனி பில் வரும்.

மோட்டர் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். உங்கள் முறையில் யூனிட்டுக்கு யூனிட் கழிப்பதால், மோட்டரைப் பகலில் போட்டாலும் இரவில் போட்டாலும் மாதக் கடைசியில் அதே 350 தான் மிஞ்சும். ஒரேயொரு இடத்தில்தான் வித்தியாசம். உங்கள் ஒழுங்கையில் பத்து வீட்டில் சோலார் இருந்து, உச்சி வெயிலில் எல்லோரும் ஒரே லைனுக்குள் தள்ளினால் வோல்டேஜ் ஏறும், எல்லை தாண்டினால் இன்வேட்டர் (தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) தானாக நின்றுவிடும். அப்படி நிற்கும் நேரத்து வெயிலுக்கு யாரும் காசு தர மாட்டார்கள். அந்த நேரம் மோட்டர் ஓடினால் வோல்டேஜ் கொஞ்சம் தணியும். (2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகலில் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது ஞாபகம் இருக்கும். தொழிற்சாலைகள் பூட்டியிருக்க, நாடு முழுக்க வெயில் மிஞ்சிப்போன கதை அது.)

முதலில் மூன்று நாள் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் இன்வேட்டர் திரையைப் பாருங்கள். நின்றால், நேரத்தையும் அதில் காட்டும் வோல்டேஜையும் கொப்பியில் எழுதிக்கொண்டு உங்கள் பகுதி மின் அலுவலகத்துக்குப் போங்கள். வெறும் வாயால் முறையிடுவதைவிட அந்தக் கொப்பிக்கு மதிப்பு அதிகம்.