ஆம்பி பூத்த அடுப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் புறநானூறு 164ஆம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தன் வறுமையைச் சொல்லும் பாட்டு. ‘ஆடுநனி மறந்த கோடுயர் அடுப்பின் ஆம்பி பூப்ப’ என்ற அடிக்கு, சமைத்து வெகுநாளானதால் அடுப்பில் காளான் பூத்துவிட்டது என்று பொருள் சொன்னேன். உடனே ஒரு மாணவி, “சாம்பலில் எப்படிக் காளான் முளைக்கும்? சும்மா மிகைப்படுத்தல்தானே?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. வகுப்பில் மண்ணடுப்பைப் பக்கத்தில் பார்த்தவர்களே நாலைந்து பேர்தான்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. அடுப்பு குடும்பத்தின் கதகதப்பைக் குறிக்கிறது என்று ஒரு கட்டுரையிலும், பெண்ணின் சிறையைக் குறிக்கிறது என்று இன்னொன்றிலும் படித்தேன். நம் இலக்கியத்தில் அது எதற்குக் குறியீடு?

அன்புடன்,
ஒரு தமிழாசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாணவி கேட்டது நல்ல கேள்வி. சாம்பலில் காளான் முளைக்காதுதான். ஆனால் புலவர் சாம்பலைச் சொல்லவில்லை. ‘கோடுயர் அடுப்பு’ என்றால் பக்கம் உயர்ந்த அடுப்பு. காளான் பூத்தது அந்த மண்சுவரில்.

அந்தச் சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். வெறும் களிமண்ணில் அடுப்புப் போட்டால் காயும்போதே வெடித்துவிடும். அதனால் நறுக்கிய வைக்கோலோ உமியோ சேர்த்து, கொஞ்சம் சாணமும் கலந்து, ஓரிரு நாள் புளிக்கவிட்டு மிதிப்பார்கள். பிறகு லாடம்போல வளைத்து, நாலு விரல் கனத்தில், ஏறக்குறைய ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் எழுப்பி, மேலே மூன்று குமிழ் வைப்பார்கள். பானை சுவரில் உட்காராமல் குமிழில் உட்கார வேண்டும். குமிழின் உயரம் ஒன்றரை விரலாவது இல்லாவிட்டால் பானை அடுப்பின் வாயை அடைத்துவிடும். மேலே போக வழியில்லாத புகை விறகு செருகும் வாய் வழியாக ஊதுகிறவர் முகத்துக்கே திரும்பும். அடுப்பை நிழலில்தான் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தாலோ முதல் நாளே பெருந்தீ மூட்டினாலோ வெளிப்புறம் முந்திச் சுருங்கி விரிசல் ஓடும். அதற்குப் பிறகும் நாள்தோறும் சாணமிட்டு மெழுகுவது உண்டு.

ஆக அடுப்பின் சுவர் முழுக்க வைக்கோலும் சாணமும். காளானுக்கு இதைவிட நல்ல தீனி ஏது? அதை அண்டவிடாமல் வைத்திருப்பது அன்றாட நெருப்பின் சூடும் அதனால் வரும் உலர்வும் மட்டுமே. நெருப்பு நின்றால் மண்சுவர் தரையின் ஈரத்தை மெல்ல உறிஞ்சத் தொடங்கும். கூரையும் ஒழுகினால் கேட்கவே வேண்டாம். அப்போதும் ஓரிரு நாளில் காளான் வந்துவிடாது. பூசண இழை மண்ணுக்குள் ஓடிப் பரவியபிறகே குடை விரியும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ‘நனி மறந்த’, அதாவது மிகவும் மறந்த, என்ற சொல்லின் கணக்கு இதுதான். ‘அடுப்பில் பூனை தூங்குகிறது’ என்கிறோமே, அது பசியின் முதல் படி. நெருப்பு அணைந்து சாம்பலில் இளஞ்சூடு மிச்சம் இருக்கும்போதுதான் பூனை வந்து சுருண்டுகொள்ளும். காளான் அந்தப் பூனையும் போய் வெகுநாளான பிறகு வருவது.

அடுத்த அடிகளையும் சேர்த்துப் படியுங்கள். பாலில்லாமல் தோலாய்த் திரங்கிய முலையைச் சுவைத்துச் சுவைத்துக் குழந்தை அழுகிறது. அதன் முகத்தைப் பார்க்கும் தாயின் இமை நீரால் நிறைகிறது. காய்ந்திருக்க வேண்டிய அடுப்பில் ஈரம், சுரக்க வேண்டிய முலையில் வறட்சி, கண்ணில் நீர். அந்த வீட்டில் ஈரமெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. காளானை மிகை என்று ஒதுக்கினால் இந்தக் கோவை கண்ணில் படாமலே போய்விடும்.

சிறுபாணாற்றுப்படையிலும் ஒரு காளான் உண்டு. அது முளைப்பது அடுப்பில் அல்ல. அட்டிலின், அதாவது சமையலறையின், பழஞ்சுவரைக் கறையான் அரித்துக் கொட்டிய புழுதியில். ‘பூழி பூத்த புழற்காளாம்பி’ என்கிறார் நத்தத்தனார். கறையான் மண்ணில் காளான் வருவது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு புலவர்களுமே பார்த்து எழுதியவர்கள் என்பதே என் கட்சி.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ‘கதகதப்பு’ எனக்கு ஒட்டவில்லை. அது குளிர்நாட்டு வீட்டின் படிமம். அங்கே குடும்பம் நெருப்பைச் சுற்றி உட்காரும். நம் அடுப்பை விட்டுச் சமைப்பவரைத் தவிர எல்லோரும் விலகித்தான் உட்காருவோம். குளிர்காய நம்மிடம் வேறு கலம் இருந்தது. நெடுநல்வாடையில் மழைக்குளிருக்கு மக்கள் நாடும் நெருப்பு ‘பகுவாய்த் தடவில்’ இருக்கிறது. தடவு என்பது கணப்புச் சட்டி. அடுப்பு வேறு, கணப்பு வேறு.

நம்மிடம் அடுப்பு முதன்மையாக ஒரு கணக்கு. எரிகிறதா, இல்லையா? அண்ணன் தம்பி பிரிந்தால் ‘அடுப்பு வேறாயிற்று’ என்போம். தமிழ்நாட்டில் குடும்ப அட்டை கேட்டாலும் தனியாகச் சமைக்கிறீர்களா என்றுதான் பார்க்கிறார்கள். நல்லாட்சியைச் சொல்லும்போதும் இதே அளவுகோல்தான். புறம் 20இல் குறுங்கோழியூர் கிழார், சேரனின் நிழலில் வாழ்வோர் சோறு ஆக்கும் தீயின் சூட்டையும் ஞாயிற்றின் சூட்டையும் தவிர வேறு சூடு அறியார் என்கிறார். மறுபக்கம், புறம் 26இல் மாங்குடி கிழார் போர்க்களத்தைச் சமையலாகப் பாடும்போது ‘முடித்தலை அடுப்பாக’, அதாவது முடிசூடிய தலைகளையே அடுப்பாக வைத்து, குருதியை உலை ஏற்றுகிறார். ‘அடு’ என்ற வேருக்குச் சமைத்தல், கொல்லுதல் என இரண்டு பொருளும் இருப்பதால் அந்தத் தாவல் தமிழில் வலிந்து செய்ததாகத் தோன்றுவதில்லை.

‘சிறை’ என்பதை நான் முழுக்க மறுக்கமாட்டேன். ‘அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு’ என்று சொன்ன ஊர்தானே இது. ஆனால் சங்கப் பாட்டுக்குள் அதை அப்படியே கொண்டுபோய் வைக்காதீர்கள். அங்கே எந்தப் புகை என்று முதலில் பார்க்க வேண்டும். நற்றிணை 120இல் தலைவி ‘புகையுண்டு அமர்த்த கண்ணள்’, புகை பட்டுக் கலங்கிய கண்ணுடையவள். விருந்துக்கு அட்டிலில் வேலை செய்கிறாள். கணவன்மேல் கோபம் வேறு. இது விறகுப் புகை. அப்போதுதான் வெட்டிய விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். அதை அடுப்பில் வைத்தால் ஒரு முனை எரியும்போதே மறுமுனையில் நுரை கொப்புளித்துச் சீறும். அந்த நீர் ஆவியாகித் தீரும்வரை நெருப்பு சுணங்கிப் புகைதான் மிஞ்சும். குனிந்து ஊதுகிறவர் முகம் அந்தப் புகைக்கு நேரே இருக்கும்.

குறுந்தொகை 167இல் கண்ணில் படிவது ‘குய்ப்புகை’. குய் என்றால் தாளிப்பு. தாளிக்கும்போது ஒரு நொடி தப்பினாலும் கருகிவிடும். அதனால்தான் தயிர் பிசைந்த விரலைத் துடைத்த சேலையை மாற்றக்கூட அவள் நகரவில்லை. கைப்பழக்கம் இல்லாத புதுக்குடித்தனக்காரியின் பதற்றம் அது. அவன் ‘இனிது’ என்று உண்டதும் அவள் முகம் நுண்ணிதாக மகிழ்கிறது. இரண்டு புகையையும் ஒன்றாக்கி ‘சமையலறைத் துயரம்’ என்று எழுதினால் இரண்டு பாட்டும் கெட்டுவிடும்.

வகுப்பில் காட்ட ஒன்று சொல்கிறேன். பரணி நட்சத்திரத்துக்கு ‘அடுப்பு’ என்றொரு பெயர் உண்டு. மூன்று மீன்கள், மூன்று அடுப்புக் கல்லைப்போல. டிசம்பர் மாதம் இரவு ஒன்பது மணிவாக்கில் கார்த்திகைக் கூட்டத்துக்குச் சற்று மேற்கே, ஏறக்குறைய உச்சியில் இருக்கும். மங்கலான மீன்கள் என்பதால் ஊர் வெளிச்சத்தில் தெரியாது. மாணவர்களைக் கொஞ்சம் வெளியே அழைத்துப் போங்கள்.