வீட்டுல செஞ்ச ஸ்பீக்கர் பெட்டிக்கு மறுபடி பாலிஷ்: கேட்டதும் சொன்னதும்

என் நண்பர் 22 வருஷம் முன்னாடி தன் கையால செஞ்ச ஒரு ஜோடி த்ரீ-வே ஸ்பீக்கருக்கு நாங்க ரெண்டு பேருமா உட்கார்ந்து புதுசா பினிஷ் போட்டு முடிச்சோம். வால்நட் வெனீர் (பலகை மேல ஒட்டுற மெல்லிசான மரத் தகடு), மேல எண்ணெய் பாலிஷ். பார்த்தவங்க எல்லாம் கேள்வி கேக்குறீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன், நானே செஞ்சு பழகினதை மட்டும்.

கேள்வி: அண்ணா, என்கிட்டயும் ஒரு ஜோடி இருக்கு, இந்த வாரமே ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். முதல்ல என்ன செய்யணும்?

பதில்: உப்புத்தாளை கையில எடுக்கிறதுக்கு முன்னாடி சத்தம் எழுப்புற யூனிட்டுகளை எல்லாம் கழட்டிருங்க தம்பி, வூஃபர் (பேஸ், அதாவது தாழ்ந்த ஒலிக்கு), மிட் (நடு ஒலிக்கு), ட்வீட்டர் (உச்ச ஒலிக்கு) எல்லாத்தையும், இந்த மூணும் இருக்கிறது தான் த்ரீ-வே. டேப் ஒட்டி மறைச்சிட்டு தேய்ச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, தூள் எப்படியும் உள்ள போகும். கழட்டும்போது ஒவ்வொரு வயரும் எந்த முனையில இருந்துச்சுன்னு போட்டோ எடுத்து வயர்லயே சீட்டு ஒட்டுங்க. ஸ்க்ரூடிரைவரை ரெண்டு கையாலயும் பிடிங்க, ஏன்னா வூஃபர் காந்தம் அதை வெடுக்குனு இழுக்கும், என் கையில இருந்து ஒரு தடவை அப்படி நழுவி கோன்ல (வூஃபர் முன்னாடி அசையிற கூம்பு) பொத்துக்கிட்டு போயிருச்சு, பேப்பர் கோன் கிழியிற சத்தம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. ஸ்டீல் வூலை அந்த அறைக்குள்ளயே கொண்டு வராதீங்க, அதோட துணுக்கு வாய்ஸ் காயில் (கோனை அசைக்கிற கம்பிச் சுருள்) இடுக்குல போய் ஒட்டிக்கிச்சுன்னா எடுக்கவே முடியாது, கடைசி வரைக்கும் கரகரன்னு தான் பாடும். அதுக்குப் பதிலா நைலான் பேட் இருக்கு, அது போதும்.

இன்னொண்ணு, பெட்டி திறந்ததும் டார்ச் அடிச்சு உள் சுவரைப் பாருங்க. செஞ்சவங்க பென்சில்ல ஏதாவது எழுதி வச்சிருப்பாங்க. நண்பரோட பெட்டிக்குள்ள தேதி, லிட்டர் கணக்கு, போர்ட் (பெட்டியில காத்து போய் வர்ற குழாய்) நீளத்தை மூணு தடவை அடிச்சு அடிச்சு திருத்தினது, எல்லாம் அப்படியே இருந்துச்சு. அவரே மறந்துட்டாரு, பார்த்துட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

கேள்வி: என்னோடது முழு மரமா வெனீரான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: யூனிட் கழட்டின ஓட்டையோட விளிம்பைப் பாருங்க, அங்க எதுவும் ஒளிய முடியாது. பழுப்பா, ரேகையே இல்லாம, அட்டை மாதிரி இருந்தா எம்.டி.எஃப் (மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை), அடுக்கு அடுக்கா தெரிஞ்சா ப்ளைவுட். ஹைஃபை பெட்டி பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணாவோ மரத்துகள் பலகையாவோ தான் இருக்கும், மேல மர வெனீர். மேல இருக்கிறதுல ஒரே ரேகை அச்சடிச்ச மாதிரி திரும்பத் திரும்ப வந்துச்சுன்னா அது மரமே இல்ல, வினைல், அதைத் தேய்க்காதீங்க.

கேள்வி: எவ்வளவு தேய்க்கலாம்? மெஷின் வச்சு தேய்க்கலாமா சார்?

பதில்: இப்ப வர்ற வெனீர் சுமார் 0.6 மில்லிமீட்டர் தான், பழசு கொஞ்சம் தடிமனா இருக்கும். மெஷின் மூலையில ரெண்டு செகண்ட் அதிகமா நின்னா போதும், கீழ இருக்கிற எம்.டி.எஃப் எட்டிப் பார்க்கும், அப்புறம் அதை ஒட்டுப்போட்டு மறைக்கிறது பெரிய வேலை. மேல் பூச்சை முதல்ல ஸ்ட்ரிப்பர் (பழைய பூச்சைக் கரைக்கிற திரவம்) போட்டு கரைச்சு எடுத்துடுங்க, அப்புறம் கட்டையில உப்புத்தாளைச் சுத்தி கையால 180 நம்பர், அப்புறம் அதைவிட நைசான 240, ரேகை போற திசையிலயே. விளிம்புல அழுத்தவே வேணாம். எம்.டி.எஃப் தூள் நெஞ்சுக்கு ரொம்பக் கெடுதல், துணி கட்டிக்கிட்டா பத்தாது, ஒழுங்கான மாஸ்க் வேணும்.

கேள்வி: பழைய பூச்சு என்னன்னே தெரியல, ஸ்ட்ரிப்பர் எதுன்னு எப்படி முடிவு பண்றது?

பதில்: பின்பக்கம் கீழ் மூலையில ஸ்பிரிட் ஒரு சொட்டு விடுங்க. பிசுபிசுன்னு ஆச்சுன்னா அரக்கு பாலிஷ். ஆகலைன்னா லாக்கர் தின்னர் ஒரு சொட்டு, அதுல கரைஞ்சா லாக்கர். ரெண்டுக்கும் அசையலைன்னா பாலியூரித்தேனா இருக்கலாம். எதுவுமே படலமா நிக்காம, எண்ணெய் விட்டா குடிச்சுக்குதுன்னா எண்ணெய் பினிஷ், உங்களுக்கு பாதி வேலை மிச்சம்.

கேள்வி: மேல பூச்செடி வச்சிருந்தோம், ரெண்டு வட்டம் விழுந்திருக்கு, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கருப்பு.

பதில்: வெள்ளை வட்டம் பூச்சுக்குள்ள மாட்டின ஈரம், ஹேர் டிரையரை தூரமா பிடிச்சு லேசா சூடு காட்டினாலே பல நேரம் போயிடும். கருப்பு மரத்துக்குள்ள இறங்கிருச்சு, பூச்சை எடுத்துட்டு ஆக்சாலிக் ஆசிட் கரைசல் தடவணும், அது விஷம், கையுறை போடுங்க, அப்புறம் தண்ணி தொட்ட துணியால நல்லா துடைச்சிருங்க. ஸ்பீக்கர் மேல இனிமே செடி வேணாம்மா.

கேள்வி: பள்ளம் விழுந்த இடத்துல ஈரத்துணி வச்சு இஸ்திரி பெட்டியால சூடு காட்டினா எழும்பிடும்னு சொல்றாங்களே?

பதில்: முழு மரத்துல எழும்பும். எம்.டி.எஃப்ல செஞ்சா ஊதிப்போய் அப்படியே நின்னுடும், திரும்ப இறங்காது. பட்டி போட்டு நிரப்புங்க.

கேள்வி: எண்ணெய் பினிஷ் தான் போடப்போறேன். எத்தனை கோட்?

பதில்: மூணு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு நாள். தடவி கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தை சுத்தமா துடைச்சிருங்க, துடைக்காம விட்டா பிசுபிசுப்பு நாள்கணக்கா போகாது.

கோட் கணக்கை விட முக்கியமானது துடைச்ச துணி. லின்சீட், டங் மாதிரி எண்ணெய் காயும்போது காத்தோட சேர்ந்து சூடு விடும், துணியைக் கசக்கி மூலையில போட்டா அந்த சூடு வெளிய போக வழியில்லாம தானா தீப்பிடிக்கும், யாரும் பத்த வைக்கவே வேணாம். ஒவ்வொரு துணியையும் வெளிய தனித்தனியா விரிச்சு காயப்போடுங்க, இல்லன்னா தண்ணி ஊத்தின தகர டப்பால போட்டு மூடுங்க. இதை சும்மா ஒரு தடவை படிச்சிட்டு போயிடாதீங்க, தயவு செஞ்சு.

கேள்வி: ஜி, எல்லாம் முடிச்சு மாட்டிட்டேன், பார்க்க அருமையா இருக்கு, ஆனா பேஸ் காணாம போயிருச்சு. பாலிஷ் சவுண்டைக் கெடுக்குமா?

பதில்: வெளிப்பக்க பூச்சு ஒண்ணும் செய்யாது. நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா ஒரு வூஃபர்ல பிளஸ், மைனஸ் வயர் மாறி மாட்டியிருக்கும், ரெண்டு பக்க பேஸும் ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். 1.5 வோல்ட் பேட்டரியை வூஃபர் முனையில பிளஸ்ஸுக்கு பிளஸ் ஒரு நொடி தொட்டு எடுங்க, கோன் வெளிய வரணும். பழைய ஜேபிஎல் யூனிட் சிலதுல உள்ள போகும், அது அவங்க வழக்கம், அதனால பிளஸ் எதுன்னு பார்க்கிறதை விட ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நகருதான்னு பாருங்க. மிட், ட்வீட்டரை கிராஸ்ஓவர்லயே (ஒலியைப் பிரிச்சு ஒவ்வொரு யூனிட்டுக்கும் அனுப்புற சர்க்யூட்) வேணும்னே வயர் திருப்பி மாட்டியிருக்கலாம், அதைத் திருத்தப் போகாதீங்க, பழைய போட்டோல இருந்த மாதிரியே மாட்டுங்க.

அது சரியா இருந்தா அடுத்தது காத்து கசிவு. மூடின பெட்டின்னா உள்ள இருக்கிற காத்து தான் ஸ்பிரிங். வூஃபரை விரல் நுனிகளால மெதுவா உள்ள தள்ளி விடுங்க, தயங்கி தயங்கி திரும்பினா பெட்டி இறுக்கமா இருக்கு, டக்குனு வந்துட்டா கேஸ்கட் (யூனிட்டுக்கும் பெட்டிக்கும் நடுவுல காத்து போகாம அடைக்கிற வளையம்) பக்கம் எங்கயோ கசியுது. பழைய நுரை கேஸ்கட்டை நீங்க தூக்கிப் போட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன். புதுசு போடுங்க.

கேள்வி: வூஃபர் ஓரத்துல இருக்கிற நுரை வளையம் தொட்டா பொடியா உதிருது. யூனிட்டே போச்சா?

பதில்: போகல. அந்த நுரை 15, 20 வருஷத்துல பாட்டு கேட்டாலும் கேக்காட்டியும் உதிரும். அளவு பார்த்து புது வளையம் ஒட்டிக்கலாம், வாய்ஸ் காயில் நடுவுல நிக்குதான்னு சரி பார்த்துட்டு ஒட்டணும், அவ்வளவு தான். கையோட கிராஸ்ஓவர்ல எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் இருந்தா அளந்து பாருங்க, அதுக்கும் வயசாகியிருக்கும்.

கேள்வி: ஜோடில ஒண்ணு ஜன்னல் பக்கம் இருந்து வெளுத்திருக்கு. ஸ்டெயின் போட்டு சமமாக்கலாமா?

பதில்: வால்நட் வெளிச்சத்துல வெளுக்கும், செர்ரி கறுக்கும். லேசா தேய்ச்சதும் பாதி வித்தியாசம் போயிடும், முதல்ல அதைப் பாருங்க. அப்புறம் இடம் மாத்தி மாத்தி வைங்க.

கேள்வி: எனக்கு இதுல பயங்கர ஆர்வம், ஆனா கூட பேசறதுக்கு ஒருத்தர் கூட இல்ல அண்ணா. உங்களுக்கு எப்படி இத்தனை பேர் கிடைச்சாங்க?

பதில்: இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்து எழுதலாம். நான் அந்த நண்பர்கிட்ட முதல்ல போனது ஒரு பழைய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்க. பத்து நிமிஷ வேலை. அவர் "கேட்டுப் பார்த்துட்டு எடுத்துக்கோங்க"ன்னு ஒரு ரெக்கார்டை வச்சாரு, அந்த பக்கம் முடிஞ்சதும் அவர் என்னைப் பார்த்து, வீணை மீட்டும்போது விரல் தந்தியில உரசுறது கேட்டுச்சான்னு கேட்டாரு. கேட்டுச்சுன்னேன். அவர் முகத்துல வந்த சந்தோஷம் இருக்கே, அத்தனை வருஷமா அதைச் சொல்ல ஆள் இல்லாம இருந்திருக்காரு. ராத்திரி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம், ஆம்பை எடுத்துக்கிட்டு வர்றதை மறந்துட்டு அடுத்த வாரம் மறுபடி போனேன், அப்படியே 14 வருஷம் ஓடிருச்சு.

அதனால உங்ககிட்ட இருக்கிறதை விக்கும்போதும் வாங்கும்போதும் அவசரப்படாதீங்க, உட்கார்ந்து ஒரு பாட்டு கேளுங்க. உதவின்னு கேளுங்க. பெரிய பெட்டிக்கு வெனீர் ஒட்ட ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் பிடிக்கணும் ஒருத்தர் மேல இருந்து கீழ அழுத்திக்கிட்டே வரணும், அந்த வேலைக்கு கூப்பிட்டா ஜனங்க சந்தோஷமா வருவாங்க. எட்கர் வில்ச்சருக்கு மூடின பெட்டி யோசனை இருந்துச்சு, அவர்கிட்ட படிச்ச ஹென்றி க்ளாஸ் ஏற்கனவே ஸ்பீக்கர் பெட்டி செஞ்சுக்கிட்டிருந்தவர், ரெண்டு பேரும் சேர்ந்து தான் 1954ல அமெரிக்காவுல அக்கூஸ்டிக் ரிசர்ச்ங்கிற ஸ்பீக்கர் கம்பெனியை ஆரம்பிச்சாங்க. ஒருத்தர்கிட்ட கணக்கு, ஒருத்தர்கிட்ட ரம்பம். மூணு வருஷத்துல பிரிஞ்சும் போயிட்டாங்க, ஆனா அந்தப் பெட்டி நின்னுச்சு. எனக்கும் என் நண்பருக்கும் கிராஸ்ஓவர் விஷயத்துல இன்னிக்கு வரைக்கும் ஒத்துப்போகாது, சண்டை போட்டுட்டு அடுத்த வாரம் ரெக்கார்டோட போய் நிப்பேன்.

கேள்வி: அப்பா செஞ்ச ஸ்பீக்கர் சார். அவர் இப்ப இல்ல. வெனீர் அங்கங்க தூக்கிக்கிட்டிருக்கு, பார்க்க நல்லா இல்லன்னு வீட்டுல வெள்ளை பெயின்ட் அடிக்கச் சொல்றாங்க. அடிச்சிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கம்மா. தூக்கிக்கிட்டது சரி பண்ற விஷயம் தான். உப்பின இடத்துல ரேகை போற திசையில பிளேடால ஒரு கோடு கீறி, ஊசியில மரப்பசையை உள்ள விட்டு, மேல பேப்பர் வச்சு, பலகையும் கனமும் வச்சு ஒரு ராத்திரி விட்டுருங்க. பெரும்பாலும் கோடே தெரியாது. அதுக்கப்புறமும் வெள்ளை தான் வேணும்னா மெழுகு எடுத்த அரக்கை முதல்ல ரெண்டு கோட் போட்டுட்டு அது மேல பெயின்ட் அடிங்க, பெயின்ட் மரத்துக்குள்ள இறங்காது, பின்னாடி மனசு மாறினா எடுத்துடலாம்.

உள்பக்கம் மட்டும் எதையும் தொடாதீங்க. அவர் அடைச்ச பஞ்சு, உள்ள ஒட்டின கட்டைகள், எல்லாம் அவர் காதால கேட்டு முடிவு பண்ணினது. பெட்டி திறக்கிற அன்னிக்கு டார்ச் எடுத்துக்கோங்க, எந்த மரம்னு தெரியலன்னா பின்பக்கம் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, பார்த்து சொல்றேன்.