போலீஸ் வண்டியும் மாகாணப் பணமும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த ஆண்டு பாதுகாப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்? (வெருலம் வாசகர்)

எந்த அரசு, எந்த நிதியாண்டு? இரண்டையும் குறிப்பிடாமல் கேள்வி அனுப்பாதீர்கள். மாகாணக் கணக்கு ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது, நகராட்சிக் கணக்கு ஜூலை 1 அன்று. தென்னாப்பிரிக்காவில் நம் குவாசுலு-நட்டால் மாகாணம் ஆண்டுக்குச் செலவிடுவது ஏறத்தாழ 150 பில்லியன் ராண்ட். அதில் நான்கில் மூன்று பங்கு கல்விக்கும் சுகாதாரத்துக்கும் போய்விடுகிறது. காவல்துறையைக் கண்காணிக்கும் சமூகப் பாதுகாப்புத் துறைக்கு நூறு ராண்டில் ஒரு ராண்ட் கூடத் தேறாது.

கோயில் தெருவில் விளக்கு எரியவில்லை. சட்டமன்ற உறுப்பினருக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். (சாட்ஸ்வொர்த்)

மூன்றும் தவறான முகவரிக்குப் போயிருக்கின்றன. தெருவிளக்கு நகராட்சியின் பொறுப்பு. வார்டு கவுன்சிலரிடம் போங்கள். எந்த அடுக்கு அரசு என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

ஐயா, பத்து போலீஸ் வண்டிகள் வாங்கித் தருவதாக எங்கள் தொகுதி உறுப்பினர் கூட்டத்தில் சொன்னார். ஓராண்டு போய்விட்டது. மாகாணம் ஏன் பணம் ஒதுக்கவில்லை? (பீனிக்ஸ்)

"எங்கள் தொகுதி உறுப்பினர்" என்று ஒருவர் சட்டப்படி இல்லை. நீங்கள் வாக்களித்தது கட்சிப் பட்டியலுக்கு. அந்த வாக்குறுதியோ அவர் கொடுக்கவே கூடாதது. காவல்துறை தேசிய அரசினுடையது. ஆள், வண்டி, பெட்ரோல் எல்லாம் நாடாளுமன்றம் நிறைவேற்றும் பட்ஜெட்டிலிருந்து வருகின்றன. எத்தனை முறை எழுதினாலும் மேடைக்கு மேடை இதே வண்டி வாக்குறுதி வருகிறது, மக்களும் கைதட்டுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

மாகாணத்துக்கு அதிகாரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. காவலர் நடத்தையைக் கண்காணிக்கவும், அவர்கள் பணி பலன் தருகிறதா என்று கேள்வி கேட்கவும் அரசியலமைப்பின் 206ஆம் பிரிவு இடம் தருகிறது. காவல்துறையின் திறமையின்மை பற்றிப் புகார் வந்தால் விசாரணை ஆணையமே அமைக்கலாம். 2012இல் மேற்குக் கேப் மாகாண முதல்வர் ஹெலன் சில்லி, கேப் டவுனின் ஏழைக் குடியிருப்பான கயெலிட்சாவுக்காக அப்படி ஒன்றை அமைத்தார். தேசிய போலீஸ் அமைச்சர் அதைத் தடுக்க அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய் 2013இல் தோற்றார். ஏழைக் குடியிருப்புகளுக்குக் காவலர் குறைவாக ஒதுக்கப்படுவது அந்த விசாரணையில் வெளிப்பட்டது. 2018இல் சமத்துவ நீதிமன்றமும் அந்த ஒதுக்கீட்டு முறை பாகுபாடானது என்று தீர்ப்பளித்தது.

காவலர் வராவிட்டால் என்ன ஆகும் என்று பீனிக்ஸ்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 ஜூலைக் கலவரத்தின்போது உங்கள் ஊரில் மட்டும் 36 உயிர்கள் போயின. பெரும்பாலோர் அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்கள். அதற்குப் பிறகும் வண்டி வாக்குறுதியோடு ஒருவர் திருப்தியடைய முடிகிறது என்றால் அது பெரிய குற்றம். அந்த உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்: உங்கள் காவல் நிலையத்தில் இரவுப் பணிக்கு எத்தனை பேர், பழுதாகி நிற்கும் வண்டிகள் எத்தனை என்று கேட்டு எழுத்துப்பூர்வமான பதில் வாங்கினாரா?

ஆம்புலன்ஸ் மிகத் தாமதமாக வந்தது. யாரிடம் முறையிடுவது? (டோங்காட்)

இது மாகாணத்தின் பொறுப்பு, மாகாணப் பணம். இங்கேதான் சட்டமன்ற உறுப்பினரைப் பிடிக்க வேண்டும். 10177க்கு அழைத்த நேரம், வண்டி வந்த நேரம், தேதி மூன்றையும் எழுதுங்கள். "மிகத் தாமதம்" என்று மட்டும் எழுதினால் யாரும் பதில் சொல்லப்போவதில்லை.

பள்ளிக்கு அருகில் மதுக்கடை வருகிறதாம். (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

உரிமம் தருவது மதுபான உரிமங்களைக் கவனிக்கும் மாகாண ஆணையம். அவகாசம் முடிவதற்குள் ஆட்சேபத்தைக் கொடுத்துவிடுங்கள். உரிமம் தந்த பிறகு எனக்கு எழுதிப் பயனில்லை.

பட்ஜெட் விவாதத்தைப் பொதுமக்கள் பார்க்கலாமா? (ஸ்டாங்கர்)

பார்க்கலாம். மாகாணச் சட்டமன்றம் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 118ஆம் பிரிவு சொல்கிறது. போகும்போது சென்ற ஆண்டின் செலவுக் கணக்கையும் படித்துவிட்டுப் போங்கள். ஒதுக்கிய தொகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.